விபத்தில்லா லேசர்

வேம்புலியின் இடது கண்ணைச் சர்க்கரை தின்று முடித்து, வலது கண்ணுக்கு வந்து பந்தியில் உட்கார்ந்த நேரம் பார்த்துத்தான் குமணன்சாவடியைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் லேசர் கண் ஆஸ்பத்திரி திறந்தது. தொண்ணூற்றொன்றாம் வருஷம். தெய்வமாகப் பார்த்துத் திறந்தது என்று அவன் ஊரான நூம்பலில் பேசிக்கொண்டார்கள். தெய்வத்துக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. பழியை அதன் தலையில் போடுவது நியாயமில்லை.

வேம்புலி அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், இரும்புத் தகடு அழுத்தும் ராஜசேகரனின் பிரஸ் ஷாப்பில் வேலை செய்தான். ஒரு வாரமாக அவன் கண்ணுக்குள் கொசு பறந்தது. கையை வீசி விரட்டினான்; போகவில்லை. அவன் மனைவி நாகவல்லி, தான் பேசுவதைத்தான் இந்த மனுஷன் கையை வீசி விரட்டுகிறான் என்று நினைத்து இரண்டு நாள் பேசாமலிருந்தாள். பிறகு பக்கத்திலிருந்த கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் கண்ணில் மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்தார்.

"கண்ணுக்குப் பின்னால நூல் மாதிரி புது ரத்தக்குழாய் முளைச்சிருக்கு. அது வெடிச்சா கண்ணு ரத்தத்துல நிரம்பிடும். லேசர் வச்சு அங்கங்க சுட்டுட்டா அடங்கும். போன பார்வை திரும்பாது, இருக்கறது தங்கும். சீக்கிரமா எழும்பூர் அரசாங்கக் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பண்ணிக்கோ."

"எழும்பூரா?" என்றான் வேம்புலி. "எங்க மொதலாளியே லேசர் ஆஸ்பத்திரி கட்டி வச்சிகினு கீறாரு சார். அத்த வுட்டுட்டு எழும்பூர் போனா அவுரு இன்னா நெனைப்பாரு?"

முதலாளி என்ன நினைப்பார் என்று யோசிக்கிற பழக்கம் எஸ்டேட்டில் இருந்த எல்லோருக்கும் இருந்தது. சைரன் ஊதும்போதே அதுவும் சேர்ந்து காதுக்குள் போய்விடும்.

ஆஸ்பத்திரித் திறப்பு விழாவில் ராஜசேகரன் பேசியதை வேம்புலி முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருந்தான்.

"நம்ம ஃபேக்டரிக்குப் பாதுகாப்பு விருது கிடைச்சிருக்கு. எப்படிக் கிடைச்சுது? ஒரு மெஷின்ல ஒருத்தனுக்கு விரல் போச்சு. அந்த மெஷினை நிறுத்தினேன். அடுத்த மெஷின்ல போச்சு. அதையும் நிறுத்தினேன். இன்னைக்கு அந்த ஷெட்டுல போய்ப் பாருங்க, குருவி கூடு கட்டியிருக்கு. ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. இதே முறையை நான் மருத்துவத்துக்குக் கொண்டு வரேன்!"

கூட்டம் கைதட்டியது. வேம்புலியும் தட்டினான். அவனுக்கு வலது கையில் நான்கு விரல்தான் என்பதால் ஓசை சற்று மட்டு.

ஆஸ்பத்திரி வாசலில் பெரிய பலகை. 'லேசர் விபத்தில்லாத நாள்கள்' என்று எழுதி, பக்கத்தில் எண். காலையில் சங்கு ஊதியதும் வாட்ச்மேன் ஏணி போட்டு ஏறி எண்ணை மாற்றுவான். நோயாளிகள் எழுந்து நிற்க வேண்டும். எழுந்து நிற்பவர்களில் பாதிப் பேருக்கு அந்த எண் தெரியாது என்பதால் வாட்ச்மேன் அதை உரக்கப் படிக்கவும் செய்வான்.

டாக்டர் ஞானகுமாரி மட்டும்தான் அங்கே லேசர் படித்தவர். சின்ன வயசு. வேம்புலியின் கண்ணைப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"இன்னைக்கே பண்ணணும்."

"பண்ணுங்கம்மா" என்றாள் நாகவல்லி.

"மெஷின் சாவி சேர்மன் ராஜசேகரன் சார்கிட்ட இருக்கு. பயன் பிரிவுல ஒரு கையெழுத்து, அபாயப் பிரிவுல ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்தாத்தான் சாவி வரும். ஓடுங்க."

அவர் 'ஓடுங்க' என்று சொன்ன விதத்தைக் கேட்டு நாகவல்லி வேம்புலியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

பயன் பிரிவு மொட்டை மாடியில், தென்றல் வீசும் அறையில் இருந்தது. அதன் அதிகாரி கஜபதி முன்பு பூந்தமல்லி சுற்றுவட்டாரத்தில் ஆட்டோவில் குழாய் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு டூரிங் டாக்கீஸ் படங்களை அறிவித்து வந்தவர். பாதிப் பேர் மட்டமென்று எழுந்து வந்த படத்துக்கும் மறுநாள் கூட்டம் சேர்த்த தொண்டை.

"வாருங்கள், வாருங்கள்! கத்தியின்றி, ரத்தமின்றி, ஒளியே உளியாக! சிறுநீரகக் கல்லா? லேசர் தூளாக்கும். மூலமா? லேசர் மூடும். மச்சமா? அழிக்கும். பச்சை குத்தின பழைய காதலி பேரா? அதையும் அழிக்கும்!"

"இவுருக்குக் கண்ணுங்க" என்றாள் நாகவல்லி.

"கண்ணுக்கும் உண்டு. முதல்ல ரோஸ் மில்க் சாப்பிடுங்க. நோயாளி முகம் மலர்ந்தால்தான் நான் கையெழுத்துப் போட முடியும்."

"யோவ், சக்கரை கீதுயா இந்தாளுக்கு! அதனாலதான கண்ணே போச்சு?"

"அம்மா, இது பயன் பிரிவு. சர்க்கரை அபாயப் பிரிவைச் சேர்ந்தது. கீழே போய்ச் சொல்லுங்க."

வேம்புலி குடித்தான். முகம் மலர்ந்தது. வெகு நாளாயிற்று அவன் இனிப்பைத் தொட்டு. கஜபதி கையெழுத்துப் போட்டு, "இது நீங்க சந்தோஷமா இருக்கறவரைக்கும்தான் செல்லும்" என்று எச்சரித்து அனுப்பினார்.

அபாயப் பிரிவு தரைக்கு அடியில் இருந்தது. படி இறங்க இறங்க மேலேயிருந்து வந்த சத்தமெல்லாம் தேய்ந்துகொண்டே போய், கடைசியில் தன் மூச்சு மட்டும் வேம்புலிக்குக் கேட்டது. உள்ளே மேஜைக்குப் பின்னால் செபாஸ்டியன் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருந்தவர். வீடு வீடாகப் போய்ச் சாவைப் பற்றி விளக்கமாகச் சொல்லிவிட்டு பாலிசியைப் பற்றிச் சொல்ல மறந்துவிடுவாராம். பொய் சொல்லத் தெரியாத மனிதர். அதுதான் அந்த அறையின் பயங்கரம்.

"உக்காருங்க தம்பி. தாடையை ஒரு தாங்கியில வைப்பாங்க. நெத்தி பட்டையில ஒட்டணும். மருந்து விட்டு, கண்ணுமேல ஒரு கண்ணாடிக் குமிழ் வைப்பாங்க. அப்புறம் பச்சை மின்னல். ஒண்ணு, இன்னொண்ணு, இன்னொண்ணு. அப்போ உங்களுக்குத் தும்மல் வந்தா?"

"வராது சார்."

"வந்தா? கண்ணு அசைஞ்சு நடுப்பார்வையில பட்டா, அங்க ஒரு கறுப்புக் காசு. எங்க பாத்தாலும் அந்தக் காசுதான் முன்னாடி நிக்கும். உங்க சம்சாரத்தைப் பாத்தா, மூஞ்சி இருக்கற இடத்துல காசு."

"அந்தாளுக்கு அது சந்தோசமாத்தான் இருக்கும்" என்றாள் நாகவல்லி.

வேம்புலி சிரித்துவிட்டான்.

செபாஸ்டியன் வருத்தத்துடன் பேனாவை மூடினார். "சிரிச்சிட்டீங்க. நான் கையெழுத்துப் போட முடியாது. நாளைக்கு வாங்க."

மறுநாள் சிரிக்கவில்லை. எல்லாம் நல்லபடி நடந்தாலும் ராத்திரிப் பார்வை மங்கும், ஓரப் பார்வை சுருங்கும், ஒரு தடவையில் அடங்காமல் மறுபடி மறுபடி வர வேண்டியிருக்கும் என்று செபாஸ்டியன் அடுக்க அடுக்க வேம்புலியின் உள்ளங்கை வியர்த்தது. அவர் நாடியைப் பிடித்துப் பார்த்துத் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார். ஆனால் மேலே போனால், "முகம் வாடியிருக்கே, என் கையெழுத்து ரத்து" என்றார் கஜபதி. மறுபடி ரோஸ் மில்க். மறுபடி மலர்ச்சி. கீழே போனால், "பயம் போயிடுச்சே தம்பி."

இப்படி ஏறி இறங்கியதில் ஐப்பசி நெருங்கிவிட்டது. கொசு பெருத்து ஈயானது. இடையில் ஒரு நாள் டாக்டர் ஞானகுமாரி வராந்தாவில் நாகவல்லியின் கையைப் பிடித்து, "அக்கா, எழும்பூர் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அன்றே நாகவல்லி கெஞ்சினாள்.

"கெளம்புய்யா. இவனுங்க ஒன்ன பொம்மலாட்டம் ஆடிகினு கீறானுங்க."

"இன்னும் ஒரு கையெழுத்துதாம்மே" என்றான் வேம்புலி. "பாதில வுட்டுப் போனா மொதலாளி மூஞ்சில எப்டி முழிப்பேன்?"

"முழிக்கக் கண்ணு வேணுமே, அத்தப் பாருய்யா மொதல்ல!"

வழி கண்டுபிடித்ததும் அவள்தான். வேம்புலியை மாடிப்படிக்கு நடுவில் நிறுத்தினாள். மேலே கைப்பிடிச் சுவரில் கஜபதியை, கீழே கதவருகே செபாஸ்டியனை. "ரெண்டு பேரும் ஒண்ணா பேசுங்கய்யா!" என்று கத்தினாள். "ஒளியே உளி!" என்று மேலிருந்து வந்தது. "கறுப்புக் காசு!" என்று கீழிருந்து வந்தது. வேம்புலி நடுவில் நின்று பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே கிடுகிடுவென நடுங்கினான். இரண்டு பேரும் ஓடிவந்து கையெழுத்துப் போட்டார்கள். ஆஸ்பத்திரி வரலாற்றில் இரண்டும் ஒன்றாகப் பெற்ற முதல் ஆள் அவன்தான் என்று கஜபதி ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

மறுநாள் ஆயுத பூஜை.

எஸ்டேட்டில் ஆயுத பூஜை என்றால் கடைசல் மெஷினிலிருந்து கழிவறைத் தாழ்ப்பாள்வரை சந்தனம் குங்குமம் உண்டு. லேசருக்கு மட்டும் வைக்காமல் விட முடியுமா? வெல்வெட் துணியை விலக்கி, ஒளி வெளியே வருகிற கண்ணாடி வாயின் மேல் வட்டமாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார்கள். மாலை சுற்றினார்கள். லாரிச் சக்கரத்துக்கு வைப்பதுபோல, காலால் மிதித்தால் லேசர் பாய்கிற மிதிகட்டைக்கு அடியில் ஓர் எலுமிச்சம் பழம் வைத்தார்கள். எதிர்ச் சுவரில் ராஜசேகரனின் காலஞ்சென்ற தகப்பனார் படம், அதற்கும் மாலை.

"லென்ஸைத் துடைக்கணும் சார்" என்றார் ஞானகுமாரி.

"பூஜை போட்ட பொட்டை அழிக்கறதா?" என்றார் ராஜசேகரன். "நல்ல நாள் டாக்டர். என் தொழிலாளி. நானே மிதிச்சு ஆரம்பிச்சு வைக்கறேன்."

வேம்புலியின் கண்ணில் மருந்து விட்டு முடிந்திருந்தது. தாங்கியில் தாடையை வைத்தான். நெற்றியைப் பட்டையில் ஒட்டினான். எதிரே சந்தன நிறத்தில் ஒரு வட்டம் மட்டும் தெரிந்தது. நாதஸ்வரம் முழங்க, கெட்டி மேளம் கொட்டியது. மிதிகட்டையைத் தேடி முதலாளி தன்னருகே குனிகிறார் என்று தெரிந்ததும், இத்தனை வருஷப் பழக்கம், வேம்புலி சட்டென்று எழுந்து நின்று கும்பிட்டான்.

ராஜசேகரன் மிதித்தார். பழம் நசுங்கியது, நசுங்கிய பழத்தில் மிதிகட்டை சிக்கி மேலே எழாமல் நின்றுவிட்டது. பொட்டைப் பொசுக்கிக்கொண்டு பச்சை ஒளி பாய்ந்து, சற்று முன் வேம்புலியின் கண் இருந்த இடத்தைக் கடந்து, எதிர்ச் சுவரில் இருந்த தகப்பனாரின் இடது கண்ணில் பொட்டளவு ஓட்டை போட்டது. சாம்பிராணிப் புகையோடு இன்னொரு புகையும் சேர்ந்தது. யாரோ மெயின் சுவிட்சை அணைத்தார்கள்.

வேம்புலி இன்னும் கும்பிட்டபடி நின்றிருந்தான்.

அன்றே விசாரணைக் குழு கூடியது. இறந்தவர் கண்ணில் படுகிற காயம் விபத்தா இல்லையா என்று விவாதித்தார்கள். "என் அப்பா கண்ணு கண்ணில்லையா?" என்றார் ராஜசேகரன், அதனால் விபத்து என்று முடிவாயிற்று. வாசல் பலகையில் சைபர் ஏறியது. செபாஸ்டியனைக் கூப்பிட்டு, "படத்தில் இருப்பவருக்கு அபாயத்தை முன்கூட்டியே விளக்கினீர்களா?" என்று கேட்டார்கள். அவர் உண்மையைச் சொன்னார். வேலை நீக்கம் செய்தார்கள். லேசர் அறைக்கு அரக்கு முத்திரை விழுந்தது.

"கண்ணாடி ஒண்ணுதான் மாத்தணும். மாத்திட்டா நான் இவருக்குப் பண்ணிடுவேன்" என்று ஞானகுமாரி குழுவின் முன் கும்பிட்டுக் கேட்டார்.

"டாக்டர்" என்றார் ராஜசேகரன் பொறுமையாக. "நீங்க ஒரு ஆளோட ஒரு கண்ணைப் பத்திப் பேசறீங்க. நான் பாதுகாப்பைப் பத்திப் பேசறேன். பாதுகாப்புன்னு வந்துட்டா ஆளைப் பாக்கக் கூடாது."

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாகவல்லி வஞ்சிரம் குழம்பு வைத்திருந்தாள். வேம்புலி முள் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தண்ணீரில் விட்ட டிகாக்‌ஷன் மாதிரி பார்வையின் மேலோரத்திலிருந்து ஒரு கோடு சுழன்று இறங்கியது. அவனுக்குப் புரிந்துவிட்டது. கையைக் கழுவவில்லை.

"நாகு, இப்டி எதிர்ல வந்து குந்து."

"இன்னாயா, அடுப்புல வேலை கீது."

"குந்துமே கொஞ்ச நேரம்."

உட்கார்ந்தாள். கோடு கிளை விட்டது. கிளைகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. அவன் இமைக்காமல் பார்த்தான்.

"பொண்ணு பாக்க வந்தவன் மாரி இன்னா அப்டி பாக்கற?" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரிக்க ஆரம்பித்தது தெரிந்தது. சிரித்து முடித்தது தெரியவில்லை.

ஞானகுமாரி பார்த்தார். "உள்ளே முழுக்க ரத்தம். பின்னால விழித்திரையையும் இழுத்துக் கிழிச்சிருக்கு. இனிமே லேசர் போகாது" என்றார். பிறகு வெள்ளைக் கோட்டைக் கழற்றி வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, சாலையைக் கடந்து, வந்த முதல் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். எழும்பூர் பஸ் என்று சொன்னார்கள்.

விசாரணைக் குழு இறுதி அறிக்கையில், வேம்புலியின் பார்வை போனதில் லேசருக்கு எவ்விதப் பங்கும் இல்லை என்று தெளிவாகக் கூறியது. அது சத்தியமான உண்மை. தகப்பனார் படத்துக்குப் புதுப் பிரதி மாட்டி விபத்தை வாபஸ் வாங்கினார்கள். பலகைக்குப் பழைய எண் திரும்பி வந்தது. வேம்புலிக்குப் புதிய வேலை கிடைத்தது: முன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும், வருகிற நோயாளிகளிடம், "இந்த லேசரால எனக்கு ஒரு கெடுதலும் நடக்கல" என்று சொல்ல வேண்டும்.

முதல் வாரம் அப்படியே சொன்னான். பிறகு ஒரு நாள், பயந்த கை ஒன்று அவன் கையைத் தேடிப் பிடித்தது. ஒரு பெண்பிள்ளை. "அண்ணாத்தே, நெசமாவே பாதுகாப்புதானா?" என்று கேட்டாள். வேம்புலி சுற்றிலும் காது கொடுத்துக் கேட்டான். அவளைக் கிட்டே இழுத்தான்.

"பாதுகாப்புதாம்மா. அதனாலதான் சொல்றேன், இங்க நிக்காத. எதிர்ல பஸ் ஸ்டாண்டு. எழும்பூர் போ. லேசருக்குப் பயப்படாத. இங்க குந்திகினு கீறதுக்குப் பயப்படு."

அவள் போனாள். அடுத்து வந்தவரையும் அனுப்பினான். அதற்கடுத்தவரையும். வேலை போகும், முதலாளி என்ன நினைப்பார் என்கிற நினைப்பு முதல்முறையாக அவனைவிட்டுப் போயிருந்தது. கண் இருந்தபோது வராத தைரியத்தோடு ஆட்களை அனுப்பினான். மழைக்காலம் முடிவதற்குள் ஆஸ்பத்திரிக்குள் காலடிச் சத்தமே இல்லாமல் போயிற்று. மாடி மூலையில் எங்கோ ஒரு குருவி கத்தியது.

ராஜசேகரன் கூப்பிட்டு அனுப்பினார். நாகவல்லிதான் கைப்பிடித்து அறைக்குள் கொண்டுபோய் விட்டாள். திட்டு வாங்கத் தயாராக நின்றான். தோளில் ஏதோ விழுந்தது. தடவிப் பார்த்தான். சால்வை.

"வாசல்ல நீ என்ன சொல்றேன்னு எனக்கு முதல் நாளே தெரியும் வேம்புலி."

வேம்புலி சால்வையின் ஓரத்தை இறுக்கிப் பிடித்தான்.

"நான் தடுக்கல. ஏன் தடுக்கணும்? நோயாளி இல்லேன்னா விபத்து இல்ல. இந்த வருஷம் மறுபடி விருது நமக்குத்தான். ஆவடியில ரெண்டாவது ஆஸ்பத்திரிக்கு அனுமதி வந்தாச்சு. ரெண்டாவது லேசரும் கப்பல்ல வந்துக்கிட்டு இருக்கு. அங்கேயும் வாசல்ல உக்கார உன்னை மாதிரி ஒருத்தர் வேணும்."

"என்ன மாரின்னா?" என்றான் வேம்புலி.

"லேசரால எந்தக் கெடுதலும் நடக்காத ஆளு. அதுக்கும் ஏற்பாடு பண்ணியாச்சு. முத்தாபுதுப்பேட்டை ஆளு, நம்ம ஃபேக்டரிதான், பேரு துலுக்கானம். ஒரு கண்ணு முன்னாடியே போச்சு. இன்னொண்ணுல இப்பத்தான் கொசு பறக்குதாம். நீ வழியில எதையாவது சொல்லிக் கலைச்சிடுவேன்னுதான் பின் வாசல் வழியா கூட்டிட்டு வந்தோம். நாலு நாளா மேல கஜபதிகிட்ட இருக்கான். நல்லா முன்னேறிட்டு வரான்."

வெளியே வந்ததும், "இன்னாயா சொன்னாரு?" என்றாள் நாகவல்லி. அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். மாடியிலிருந்து டம்ளரில் ஸ்பூன் கலக்குகிற சத்தம் வந்தது. பிறகு ஒருவன் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஒரு கவலையும் இல்லை.

வேம்புலி சால்வையை உருவிக் கீழே போட்டான். சுவரைத் தடவிப் படியைக் கண்டுபிடித்து, "துலுக்கானம்! யோவ் துலுக்கானம்!" என்று கத்திக்கொண்டே ஏற ஆரம்பித்தான். மேலே கஜபதி ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினார்.